சொன்ன பிறகு வரும் இரவு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை, பங்கு மக்களுக்காக இங்கே மறுபதிப்பாகிறது.)



ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டு வகைப் பயணம் நடக்கும். சமவெளிப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இங்குள்ள விடுதிப் பள்ளிகளுக்கு வருவார்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் வேறு சில பிள்ளைகள் அதே வளைவுகளில் இறங்கி, சேலத்துப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் போவார்கள். ஏறுகிற பிள்ளைக்கும் இறங்குகிற பிள்ளைக்கும் பெற்றோர் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "நல்லாப் படி. யார் வம்புக்கும் போகாதே."

வம்புக்குப் போகாத பிள்ளையைத் தேடி வம்பு வந்தால்? அந்தப் பிள்ளை அதை நம்மிடம் வந்து சொன்னால்? அப்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை நமக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் யோசேப்பின் கதையை வாசிக்கிறோம். அந்த வாசகம் தொடக்கநூல் 37ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வசனம் நம் காதில் விழுவது குறைவு. வீட்டில் விவிலியத்தைத் திறந்து பாருங்கள். யோசேப்புக்கு அப்போது வயது பதினேழு. இன்றைய கணக்கில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். அண்ணன்மாரோடு ஆடு மேய்க்கப் போன இடத்தில் அவர்கள் செய்த தீச்செயல்களைப் பற்றி அவன் வந்து தந்தையிடம் சொன்னான்.

அழகிய அங்கி, கனவுகள், பொறாமை எல்லாம் நமக்குத் தெரியும். அவற்றுக்கெல்லாம் முன்பு, ஒரு பிள்ளை பெரியவரிடம் வந்து சொன்னது நடந்திருக்கிறது. யாக்கோபு கேட்டார். கேட்டுவிட்டு அந்த மக்களைக் கூப்பிட்டு விசாரித்ததாக விவிலியத்தில் ஒரு வரிகூட இல்லை. பிறகு என்ன செய்தார்? அண்ணன்மார் செக்கேம் பக்கம் மேய்ச்சலுக்குப் போயிருந்தபோது, எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்து அதே யோசேப்பைத் தன்னந்தனியாக அவர்களிடமே அனுப்பிவைத்தார். யாக்கோபுக்கு மகன்மேல் அன்பு இல்லையா? மற்றப் பிள்ளைகள் எல்லாரையும்விட அவன்மேல்தான் அதிக அன்பு. ஆனால் யாரைப் பற்றிச் சொன்னானோ அவர்கள் கையிலேயே அவனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை.

நாங்குநேரியில் நடந்தது

இது பழைய ஏற்பாட்டோடு முடிந்த கதை அல்ல. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்கே பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஒரு பையன், பக்கத்து ஊரான வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளை. உடன் படித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த சில மாணவர்கள் அவனைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்த பிறகுதான் வாய் திறந்தான். நடந்ததைப் பள்ளியில் புகாராகச் சொன்னான்.

அன்பார்ந்தவர்களே, இதுவரை எல்லாம் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே நடந்திருக்கிறது. "பயப்படாதே, ஆசிரியரிடம் சொல்" என்கிறோம். அவன் சொன்னான். ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, அரிவாளோடு சில பையன்கள் அவன் வீட்டுக்குள் புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இரண்டு பிள்ளைகளும் உயிர் பிழைத்தது இறைவனின் இரக்கம். மருத்துவமனையில் நெடுநாள் இருந்த அந்தப் பையன், அந்தக் கல்வியாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினான். 2024 மே மாதம் முடிவு வந்தபோது 600க்கு 469 மதிப்பெண் பெற்றிருந்தான்.

இந்தச் செய்தியைக் கேட்டு, "பார்த்தீர்களா, சொன்னதால்தானே வந்தது வினை? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்று சொன்னவர்கள் உண்டு. அது தவறான பாடம். அந்தப் பிள்ளை சொன்னதில் குறை இல்லை. அவன் சொன்ன நேரத்துக்கும் அந்த இரவுக்கும் இடையில் அவனுக்குக் காவலாக யாரும் இல்லை. பிள்ளை தன் பாரத்தை இறக்கி வைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நம் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. புகார் வந்துவிட்டது என்பது துன்புறுத்தியவர்களுக்கு எட்டும் நேரம்தான் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தான நேரம்.

என் தவறு ஒன்று

இதை நான் மேடையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் மாணவர் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டேன். எந்த ஊர், எந்த விடுதி என்பது இங்கே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் படித்த மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் ஒருநாள் மாலை என் அறை வாசலில் வந்து நின்றான். தன் சாப்பாட்டுத் தட்டைப் பெரிய பையன்கள் ஒளித்துவைக்கிறார்கள், மலைக்காரன் என்று சொல்லிக் கேலி செய்கிறார்கள், இரவில் போர்வையை இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள் என்று சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு செப முடிவில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து, அவன் பெயரைச் சொல்லி, "இவனுக்கு இப்படிச் செய்தது யார்?" என்று சத்தம் போட்டேன். நீதி செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுத்தேன். அவன் அதே கூடத்தில், அதே பையன்கள் நடுவில், அதே பாயில்தான் படுத்தான். விடியும் முன்பே எழுந்து பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். திரும்பிப் படிக்க வரவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்தேன். "தோத்திரம் சாமி" என்று அவனாகத்தான் வந்து பேசினான். மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கேட்டதே எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சுங்க சாமி. பேரை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். அன்றிலிருந்து யோசேப்பின் கதையை வாசிக்கும்போதெல்லாம் யாக்கோபின் இடத்தில் நான் என்னைத்தான் பார்க்கிறேன்.

பிள்ளை சொல்லும்போது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் இதை நேராகச் சொல்வது அபூர்வம். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வரும். பேனா, டிபன் பாக்ஸ், காசு அடிக்கடி தொலையும். விடுதியிலிருந்து போன் செய்கிற பிள்ளை, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு போனை வைக்காமல் இருக்கும். செல்போனைப் பார்த்ததும் முகம் வாடும். இப்போதெல்லாம் கேலி பள்ளி வாசலோடு நிற்பதில்லை, வாட்ஸ்அப் குழு வழியாகப் படுக்கைவரை வந்துவிடுகிறது.

அப்படிப் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வியாக "நீ என்ன செய்தே?" என்று கேட்காதீர்கள். "திருப்பி ரெண்டு கொடுக்க வேண்டியதுதானே" என்றும் சொல்லாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பு இல்லை" என்ற ஒரு வார்த்தை போதும். அதன்பின் யார், எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள் என்று கேட்டுத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் வந்ததை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது காப்பாற்ற முடியாத வாக்கு. "உன்னிடம் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டேன்" என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்றுங்கள்.

சிலர் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைக் காட்டி, "முதலில் அந்தப் பிள்ளையே தனியாகப் போய்ப் பேசட்டும்" என்பார்கள். தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியே பேசும்படி இயேசு அங்கே சொல்வது உண்மை. ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு சிறு பிள்ளையைச் சீடர்கள் நடுவில் நிறுத்துகிறார். சிறியோருக்கு இடறல் வருவிப்பவரை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அடிக்கிறவர் ஐந்து பேராகவும் அடிபடுகிறவர் ஒருவராகவும் இருக்கும்போது, அந்த ஒருவரைத் தனியே போகச் சொல்வது சமாதானம் ஆகாது. யோசேப்பைச் செக்கேமுக்கு அனுப்புவதுதான் அது.

பள்ளிக்குப் போகும்போது

வகுப்பாசிரியரிடம் வாயால் சொல்வதோடு, தலைமையாசிரியருக்கு எழுத்தாகவும் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். எழுதத் தெரியாத பெற்றோருக்கு எழுதிக்கொடுக்க நம் அன்பியங்களில் ஆட்கள் உண்டு. தோட்ட வேலைக்குப் போகும் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தனியாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய நிலை வரக்கூடாது. கூட ஒருவர் போங்கள்.

அங்கே, "அவர்களுக்கு என்ன தண்டனை?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்று இரவு முதல் என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேளுங்கள். விடுதியில் எங்கே படுப்பான்? பள்ளி விட்டதும் யாரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவான்? கழிப்பறைப் பக்கம் யார் கவனிப்பார்கள்? இடம் மாற்ற வேண்டுமானால் துன்புறுத்தியவர்களை மாற்றட்டும். புகார் சொன்ன பிள்ளையை மாற்றினால் அதற்கே தண்டனை கொடுத்தது போல ஆகும். மூன்றாம் நாள் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை போய், "இப்போது எப்படி?" என்று விசாரியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் செய்தது போல எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்புவதால் எதுவும் முடிந்துவிடுவதில்லை.

சட்டம் நமக்குத் துணை

1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உடலுக்கோ மனதுக்கோ தீங்கு, பயம், அவமானம் வரும்படி மாணவரை நடத்துவது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். கேலி செய்வதும் அதில் அடங்கும். இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. புகார் வந்தால் நிறுவனத்தின் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால், குற்றத்துக்கு அவரே துணைபோனதாகக் கருதப்படுவார். ஆகவே "பசங்க சும்மா கலாய்ச்சாங்க" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

துன்புறுத்துபவர் ஆசிரியராகவும் இருக்கலாம். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. பாலியல் சீண்டலாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர், பங்கின் பெயர், சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்க நம்மில் யாருக்கும் உரிமை இல்லை. குருக்களாகிய எங்களுக்கும் இல்லை. நம் மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் பிள்ளைகளையும் பட்டியல் இனப் பிள்ளைகளையும் சாதியைச் சொல்லி மற்றவர்கள் பலர் அறிய இழிவு செய்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்.

இரண்டு எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று 1098. இது ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண். மற்றொன்று 14417. இது தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்ற பெட்டியும் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. அவர் 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டக்கூடாது, அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பவை அவருடைய பரிந்துரைகளில் சில. கயிறு பள்ளியில் அவிழ்ந்தாலும் வீட்டில் பெரியவர் பேச்சில் அவிழாவிட்டால் பயன் இல்லை. "அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று நாம் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதுதான் மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயராக மாறுகிறது.

ரூபனும் யூதாவும்

யோசேப்பைத் தண்ணீர் இல்லாத குழியில் தள்ளிவிட்டு அண்ணன்மார் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ரூபன். மூத்தவர். தம்பியைக் காப்பாற்ற நினைத்தவர். கொல்ல வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். ஆனால் "இது தவறு, விடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லத் துணியவில்லை. பிறகு ரகசியமாக வந்து தூக்கிவிடலாம் என்று நினைத்தார். வந்து பார்த்தபோது குழி காலியாக இருந்தது. நம் பிள்ளைகளில் அடிப்பவர்கள் சிலர்தான். பார்த்துக்கொண்டிருக்கும் ரூபன்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: "சண்டைக்குப் போகாதே. அவன் பக்கத்தில் போய் உட்கார். சாப்பிடும்போது கூட இரு. அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்." இது கோள் சொல்வது அல்ல. ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது சாட்சியம்.

துன்புறுத்துகிற பிள்ளையும் யாரோ ஒருவருடைய பிள்ளைதான். உங்கள் மகனைப் பற்றிப் புகார் வந்தால், "என் பையன் அப்படிச் செய்யமாட்டான்" என்று சண்டைக்குக் கிளம்பாதீர்கள். அடித்து நொறுக்கவும் வேண்டாம். உட்காரவைத்துக் கேளுங்கள். யூதாவை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியை இருபது வெள்ளிக்காசுக்கு விற்கும் யோசனை அவருடையது. ஆண்டுகள் பல கடந்து, இளைய தம்பி பென்யமின் சிக்கிக்கொண்டபோது, "அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்வந்தவரும் அதே யூதாதான். மனிதர் மாறலாம். அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினார். ஆகவே காயம் ஆறாத பிள்ளையிடம், "நீ மன்னித்துவிடு, முடிந்தது" என்று அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்பு கடவுளின் கொடை. அது வரும் நேரத்தில் வரட்டும். காவல் நிற்பது நம் கடமை. அதைத் தள்ளிப்போட முடியாது.

எகிப்தில் பஞ்ச காலத்தில் நின்றபோது அந்த அண்ணன்மாருக்கு நினைவுக்கு வந்தது எது தெரியுமா? தம்பி கெஞ்சியதும், அந்தத் துயரத்தைப் பார்த்தும் தாங்கள் கேளாமல் இருந்ததும்தான். இருபது ஆண்டுக்கு மேல் கடந்தும் அந்தக் குரல் அவர்களை விடவில்லை.

இந்த வாரம் ஒன்று செய்வோம். வீட்டில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, விடுதியில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல், "உன் கூட யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்போம். பதில் வரும்வரை பொறுமையாக இருப்போம். பிள்ளை ஏதாவது சொன்னால், அந்த இரவு அதைத் தனியே விடாமல் இருப்போம்.

குழியில் கிடந்த யோசேப்போடு இருந்த ஆண்டவர் நம் பிள்ளைகளோடும் இருப்பாராக. அவர்களுக்குக் காவலாக நிற்கும் துணிவை நமக்கும் தருவாராக. ஆமென்.